உரிமமும் உறைவிடமும்: இலங்கையிற் கட்டடக்கலைத் தொழிற் சட்டங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு தொழிலைச் செய்வதற்கு யாருக்கு உரிமை உண்டு என்னும் வினா, அச்சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடும் சொத்துறவுகளோடும் நெருங்கிய தொடர்புடையது. மருத்துவம், சட்டம், நில அளவை, கட்டடக்கலை முதலிய துறைகளில் உரிமம் பெற்றவர், உரிமம் பெறாதவர் என்ற பாகுபாடு இயல்பானதென்றே இன்று பலரும் கருதுகின்றனர். ஆயின் இப்பாகுபாடு குறிப்பிட்ட வரலாற்றுச் சூழல்களில் தோன்றியது; குறிப்பிட்ட வர்க்கங்களின் தேவைகளை நிறைவேற்றியது; குறிப்பிட்ட சிலரை உள்ளே அனுமதித்துப் பலரை வெளியே நிறுத்தியது.

பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் வாழ்வோருக்கு இவ்வினா ஏட்டளவிலான ஒன்றன்று. ஒரு தலைமுறைக் காலத்துள் அங்கு முற்றம் கொண்ட வீடுகள் பல மறைந்து தொடர்மாடிகள் எழுந்துள்ளன. அவற்றை வரைந்தவர் யார், கணித்தவர் யார், கையொப்பமிட்டவர் யார் என்பதை அவற்றில் வாழ்வோரில் மிகப் பலர் அறியார். உரிமம் இல்லாதோர் கட்டடக்கலைத் தொழில் புரிவதைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுவதுண்டு. அக்கோரிக்கை நியாயமானதே. எனினும், இதுவரை இயற்றப்பட்ட சட்டங்கள் யாரைக் காத்தன என்பதை ஆராயாமல் அதனை மதிப்பிட முடியாது. அச்சட்டங்கள் தொழிலின் பெயரையும் சொத்தின் எல்லையையும் காத்த அளவிற்கு, வீட்டில் வாழும் மனிதரைக் காக்கவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

1. பிறப்பே உரிமமாக இருந்த காலம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் அரசமனை வகுக்கப்படும் பகுதி தமிழாய்வாளர் நன்கறிந்தது. நண்பகற் பொழுதில் நட்ட கோல்களின் நிழல் கொண்டு திசையறிந்து, நுட்பமாகக் கயிறிட்டு அளந்து மனை வகுத்தோரை நக்கீரர் புலவர் என்றே குறிப்பிடுகிறார். பாட்டு யாத்தவருக்கும் மனை யாத்தவருக்கும் ஒரே சொல் வழங்கியமை, அறிவுக்கும் கைவினைக்குமிடையே பிற்காலத்தில் ஏற்பட்ட பிளவு அக்காலத்தில் முற்றுப் பெற்றிருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

அப்பிளவு சாதியமைப்பு இறுகிய காலத்தில் ஆழமடைந்தது. மயமதம், மானசாரம் போன்ற நூல்கள் வடமொழியில் எழுதப்பட்டன. அவற்றின் பயன்பாடோ தச்சர், சிற்பர், கொல்லர் குடும்பங்களின் கைகளில், தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகச் சென்றது. பிறர் அத்தொழிலுட் புக இயலாது. எனவே, உரிமமற்றோரை விலக்கும் முறை முதலாளித்துவத்தின் கண்டுபிடிப்பன்று. நிலமானிய சமுதாயத்தில் பிறப்பே உரிமப் பத்திரமாக விளங்கியது. அம்முறையில் ஒரு பொறுப்புடைமையும் இருந்தது: வீட்டைக் கட்டியவன் அதே ஊரில் வாழ்ந்தான், சுவர் வெடித்தால் அவன் முகத்துக்கு நேரே கேட்கலாம். ஆயினும் இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பது தவறாகும். கல்லும் மண்ணும் சுமந்து கோயில்கள் எழ உதவிய சாதியினர், கோயிலுள் நுழைவதற்காக 1968இலும் மாவிட்டபுரத்திற் போராட வேண்டியிருந்தமையை மறத்தலாகாது.

ஐரோப்பியர் வருகை இக்கட்டமைப்பைக் குலைத்தது. அதன் சுவடுகளைக் கட்டடத் தொழிலாளரின் பேச்சிலேயே காணலாம். மேஸ்திரி என்பதும் ஜன்னல் என்பதும் போர்த்துக்கேயர் வழி வந்தவை. பாஸ் என்பதும் கந்தோர் என்பதும் ஒல்லாந்தர் வழி வந்தவை. பின்னர் ஆங்கிலேயரிடமிருந்து மேசன், ஓவசியர் ஆகிய சொற்கள் வந்து சேர்ந்தன. தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் சொற்களே ஆட்சி மாறுந்தோறும் மாறியமை, தொழிலின் அதிகாரம் கைமாறியதன் மொழியியற் சான்றாகும்.

கொழும்பு நூதனசாலையின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1877இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தை வரைந்தவர் பொதுவேலைத் திணைக்களத்துக் கட்டடக்கலைஞரான ஸ்மித்தர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி கிரெகரி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட வேண்டும் என்று மட்டுமே மரைக்கார் கேட்டாரெனச் செவிவழிச் செய்தி கூறுகிறது. இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது யாதெனில், வரைந்தவர் அரச உத்தியோகத்தர், கட்டியவர் ஒப்பந்தகாரர் என்ற புதிய தொழிற் பிரிவினை அப்போதே நிலைபெற்றுவிட்டது என்பதாகும். தாளில் வரைவது அறிவு எனவும் மண்ணில் எழுப்புவது உழைப்பு எனவும் வகுக்கப்பட்டன.

2. நிலத்துக்கு முதல் உரிமம்

குடியேற்ற அரசு எந்தத் தொழிலுக்கு முதலில் உரிமம் விதித்தது என்பதை நோக்கினால் அதன் வர்க்க நலன் தெளிவாகும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் பெருந்தோட்டங்களுக்கு வழி திறந்தது. நிலம் விற்பனைப் பண்டமாயிற்று. அப்பண்டத்தின் எல்லையைத் துல்லியமாக வரைவதற்கு நம்பகமான ஆட்கள் தேவைப்பட்டனர். 1889ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நில அளவையாளரையும், அவர்களோடு ஏலவிற்பனையாளரையும் தரகரையும் உரிமத்துக்கு உட்படுத்தியது. நிலத்தை அளப்பவனும் ஏலமிடுபவனும் தரகு பேசுபவனும் ஒரே சட்டத்தின் கீழ் நிறுத்தப்பட்டமை தற்செயலானதன்று. அந்நிலத்தின் மீது எழும் வீட்டை வகுப்பவனைப் பற்றி அக்காலச் சட்டம் கவலை கொள்ளவில்லை. தோட்டத்து லயன் அறைகளைக் கட்டுவதற்கு எந்த உரிமமும் வேண்டியிருக்கவில்லை.

வீடு சட்டத்தின் கவனத்துக்கு வந்தது நோயின் வழியாகவே. 1914இல் கொள்ளைநோய் கொழும்பைத் தாக்கியது. நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளும் இருண்ட அறைகளும் நகரின் செல்வர்க்கும் ஆபத்தாகும் என்பது அப்போது உணரப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில், 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. உள்ளூரதிகார சபையின் எழுத்து மூலமான அங்கீகாரம் பெற்ற வரைபடமின்றிக் கட்டடம் எழுப்பலாகாது. இணக்கச் சான்றிதழ் பெறும்வரை காவலாளி தவிர எவரும் அதிற் குடியிருத்தலாகாது என அச்சட்டம் விதித்தது. இவ்விரு விதிகளும் இன்றும் நமது கட்டட ஒழுங்குமுறையின் அடித்தளமாக உள்ளன.

1915ஆம் ஆண்டுச் சட்டம் வரைபடத்தை ஒழுங்குபடுத்தியது, வரைபவரை ஒழுங்குபடுத்தவில்லை. படவரைஞரும் நில அளவையாளரும் ஓய்வுபெற்ற ஓவசியரும் வரைந்த படங்கள் மாநகர சபைக்குச் சென்றன. கொழும்பிலே மத்தியதர வர்க்க வீடுகளிற் பெரும்பாலானவை அவ்வாறே எழுந்தன. பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கென நகரத் திட்ட அறிக்கை அளித்ததும், ஏபர்குரொம்பி 1948இல் கொழும்புப் பிராந்தியத் திட்டம் வரைந்ததும் இப்பெயரறியாத் தொழிலாளரின் பணிக்கு மேலேயே நிகழ்ந்தன.

3. பெயருக்கு எழுந்த வேலி

கட்டடக்கலைஞர் என்ற பெயர் சட்டப்படி காக்கப்பட வேண்டும் என்ற இயக்கம் பிரித்தானியாவில் வளர்ந்தது. 1834இல் அங்கு கட்டடக்கலைஞர் நிறுவகம் தோன்றியது. 1837இல் அரச பட்டயம் பெற்றது. கைத்தொழிற் புரட்சியின் பின் நகரங்கள் பெருகியபோது, கட்டட ஒப்பந்தகாரரிடமிருந்தும் பொறியியலாளரிடமிருந்தும் தம்மை வேறுபடுத்திக்கொள்ளும் தேவை கட்டடக்கலைஞர்க்கு ஏற்பட்டது. அத்தொழிலினர் அனைவரும் இதனை வரவேற்கவில்லை. 1892இல் நோர்மன் ஷோவும் ஜக்சனும் தொகுத்து வெளியிட்ட கட்டுரைத் தொகுதியொன்று, கட்டடக்கலை தொழிலா கலையா என்ற வினாவை எழுப்பிக் கட்டாயப் பதிவை எதிர்த்தது. பரீட்சையால் அளக்க முடியாத ஆற்றல் ஒன்று உண்டு என்பது அவர்களது வாதம். அவ்வாதம் கலைஞனின் தனித்துவத்தைப் பேசியதேயன்றி, இடிந்து விழும் கூரையின் கீழ் வாழ்பவனைப் பற்றிப் பேசவில்லை. எதிர்த்தரப்பினரோ பொதுமக்கள் நலனைப் பற்றி நிறையப் பேசினர். ஆயினும் 1931ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் 1938ஆம் ஆண்டின் சட்டமும் இறுதியிற் காத்தவை பெயரையே. பதிவு பெறாதவர் வீடு வரையலாம். தம்மைக் கட்டடக்கலைஞர் என அழைத்துக்கொள்ளலாகாது.

இலங்கையில் இத்தகுதி நெடுங்காலம் இலண்டனிலிருந்தே கிடைத்தது. மினெற் டி சில்வா 1948இல் பிரித்தானிய நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணியானார். ஜெப்ரி பாவா சட்டம் பயின்று, லுணுகங்கையில் தோட்டம் வாங்கி, அதனைத் திருத்தியமைக்கும் ஆர்வத்தால் இத்துறைக்கு வந்து, பழைய நிறுவனமொன்றில் பயிலுநராக இருந்து, பின்னர் இலண்டன் சென்று 1957இல் தகுதி பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரது மேதைமையை யாரும் மறுப்பதற்கில்லை. தன் கைக்காசில் இலண்டன் சென்று படிக்கும் வசதி, பம்பலப்பிட்டியின் ஒரு படவரைஞர்க்கு இருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டியது. பாவாவின் கட்டடங்களுக்குப் பின்னால் அவரது பங்காளியான பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் கணிப்புகளும், தச்சர், மேசன்மாரின் கைத்திறனும் இருந்தன. அவர்களுட் பலரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

1960களில் உள்நாட்டிலேயே கட்டடக்கலைக் கல்வி தொடங்கியமை ஒரு முற்போக்கான அடியாகும். கட்டுபெத்தை வளாகமும், பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும், இலவசக் கல்வியின் வழியே வந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இத்தொழிலின் கதவைத் திறந்தன. பிறப்பு உரிமமாக இருந்த நிலையிலிருந்து கற்றல் உரிமமாகும் நிலைக்கு வந்தமை வரலாற்று முன்னேற்றமே. 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகச் சட்டம் இவ்வளர்ச்சியின் விளைவு. அக்காலத்தில் வீடமைப்பு நிருமாண அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன். வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு விதித்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தை அவரது அமைச்சே கொண்டுவந்தது. வாடகை வீட்டுடைமையின் ஏகபோகத்தை உடைத்த அதே அரசாங்கம், தொழிற்பெயரின் ஏகபோகத்துக்கு அங்கீகாரம் அளித்தது. 1996ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கட்டடக்கலைஞர் பதிவுச் சபையை அமைத்து, பதிவைத் தொழிலின் வாயிலாக்கியது.

இதனை 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவர்க்கு அச்சட்டம் தனிப் பதிவு அளித்தது. ஆங்கில மருத்துவத்தின் அளவுகோலாற் போலி எனப்படக்கூடியவர்களை, தமக்கெனத் தனி மரபுடையோராக அது ஏற்றுக்கொண்டது. நாட்டு வைத்தியர்க்குக் கிடைத்த அந்த ஏற்பு நாட்டுத் தச்சனுக்குக் கிடைக்கவில்லை. இதற்கான காரணம் அரசியலில் உள்ளது. நாட்டு வைத்தியர் 1956இன் தேசிய எழுச்சியில் ஒழுங்கமைந்த சக்தியாக விளங்கினர். பாஸ்மாருக்கு அத்தகைய அமைப்பு இருக்கவில்லை.

4. காலி வீதியின் இரு மருங்கும்

1977இன் பின் நிலை மாறியது. திறந்த பொருளாதாரத்தின் கீழ் நகர நிலம் ஊக வணிகத்தின் முதற்பொருளாயிற்று. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. 1986ஆம் ஆண்டின் திட்டமிடல் கட்டட ஒழுங்குவிதிகள், கட்டடத்தின் அளவும் தன்மையும் நோக்கித் தகைமை பெற்றோரின் கையொப்பத்தை வேண்டின. மாடி வீடுகளைத் தனித்தனியே உடைமையாக்க வழிசெய்த 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கனவே இருந்தது. கட்டுவதற்கு முதலும், விற்பதற்குச் சட்டமும் ஆயத்தமாயின. வாங்குவோரைத் தந்தது இன ஒடுக்குமுறை.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர் வீடுகள் வாக்காளர் இடாப்புகளின் துணையோடு அடையாளங் காணப்பட்டு எரிக்கப்பட்டன. பலர் வெளிநாடு சென்றனர். பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டபோது அங்கிருந்து பெயர்ந்தோர் இதே ஒழுங்கைகளுக்கு வந்தனர். ஊரில் நிலமும் வீடும் இழந்தவர்கள், புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தைக் கொண்டு மூன்றாம் மாடியிலோ ஐந்தாம் மாடியிலோ இரண்டு அறைகளை வாங்கினர். அவர்களுக்கு அது முதலீடு அன்று, பாதுகாப்பு. கட்டுபவருக்கோ அது சதுர அடிக் கணக்கு. பழைய வீட்டு வளவொன்றில் எத்தனை குடும்பங்களை அடுக்கலாம் என்பதே அவரது கணிதம். இவ்விரு நோக்குகளுக்குமிடையே நிற்க வேண்டியவர் உரிமம் பெற்ற கட்டடக்கலைஞர்.

அவர் அவ்விடத்தில் நின்றாரா? கட்டட வேலைத்தலங்களை அறிந்தோர் அனைவரும் அறிந்த வழக்கமொன்று உண்டு. படவரைஞர் முழுப் படத்தையும் வரைகிறார். உரிமம் பெற்ற ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு கையொப்பமிடுகிறார். வேலைத்தலத்தை அவர் பார்ப்பதில்லை. உரிமமில்லாத் தொழில் என்று சட்டம் சொல்வது இங்கு உரிமத்தின் உள்ளேயே நடைபெறுகிறது. கையொப்பம் பண்டமாகிறது. அதன் மதிப்பு உழைப்பிலிருந்து பிறப்பதில்லை. பதிவேட்டில் இடம்பெற்றோரின் தொகை வரையறுக்கப்பட்டதிலிருந்து பிறக்கிறது. உண்மையில் உழைத்தவரின் பெயர் படத்தில் இல்லை, பெயருள்ளவர் உழைக்கவில்லை. வீடு வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இதை அறியும் வழி எதுவுமில்லை. இணக்கச் சான்றிதழ் இன்றிக் குடிபுகுந்து, உறுதி கைக்கு வரும் நாளை ஆண்டுக்கணக்காக எதிர்பார்த்திருப்போர் இவ்வொழுங்கைகளில் உள்ளனர்.

2017 மே 18இல் வெள்ளவத்தை சார்லிமன்ட் வீதியில் நிருமாணத்திலிருந்த பல மாடிக் கட்டடமொன்று பகல் வேளையில் இடிந்து வீழ்ந்தது. உயிரிழப்பு நேர்ந்தது, இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதற்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். ஒளித்து வைக்கக்கூடிய பொருளன்று கட்டடம். காலி வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாடிமேல் மாடியாக அது எழுந்தது. 1915ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நூற்றாண்டாக நடைமுறையில் இருந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டமும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தன. உரிமமற்றவரைத் தடுக்கும் விதிகள் போதாமையால் அது எழவில்லை. எழுவதைக் கண்டும் நிறுத்தும் கடமை எவர்மீதும் உறுதியாகச் சுமத்தப்படாமையால் எழுந்தது.

5. உரிமமற்றோர் யாவர்?

உரிமமற்றோர் என்ற ஒரே சொல்லுள் வெவ்வேறு மனிதர் அடக்கப்படுகின்றனர். பொய்ச் சான்றிதழ் காட்டி ஏமாற்றுபவர் ஒருவர். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள படவரைஞர் மற்றொருவர். தன் வீட்டைத் தானே கட்டும் ஏழை இன்னொருவர். முதலாமவரைத் தண்டிக்க வேண்டும். இரண்டாமவரை ஏற்க வேண்டும். மூன்றாமவருக்கு உதவ வேண்டும். மூவரையும் ஒரே விதியால் அணுகும் சட்டம், முதலாமவரைத் தப்பவிட்டு மூன்றாமவரையே பிடிக்கும்.

அரசே இதனைச் சில வேளைகளில் ஒப்புக்கொண்டுள்ளது. 1980களின் பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தின்போது, கொழும்பின் சேரிப்புறக் குடியிருப்புகளுக்கு வழமையான விதிகள் தளர்த்தப்பட்டன. ஒழுங்குவிதிகள் குறைந்தது ஆறு பேர்ச் காணியை வேண்டிய நிலையில், அங்கு இரண்டு பேர்ச் ஏற்கப்பட்டது. ஒழுங்கையின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் குடியிருப்போர் தாமே கூடியிருந்து தீர்மானித்தனர். போரின் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியோடு கட்டப்பட்ட சுமார் 46,000 வீடுகளும் இத்தகையனவே. குடும்பத்துக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. பயனாளியே பொருள் வாங்கி, மேசனை அமர்த்தி, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேற்பார்வையிற் கட்டினார். கணவனை இழந்த பெண்கள் பலர் தாமே அத்திவாரத்துக்கு மண் வெட்டினர். மாதிரிப் படமும் முறையான மேற்பார்வையும் இருந்த இடத்தில், உரிமம் பெற்றவர் வீட்டுக்கு வீடு வராமலே பாதுகாப்பான வீடு சாத்தியமாயிற்று. இதிலிருந்து கட்டடக்கலைஞர் தேவையில்லை என்ற முடிவுக்கு வருதல் பேதைமை. அவரது அறிவு சிலரின் தனியுடைமையாகாமற் பொதுப்பணியாகக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதையே இது உணர்த்துகிறது.

பிற நாட்டு அனுபவமும் இதனை வலியுறுத்துகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம் அப்பெயரைப் பயன்படுத்துவதை மட்டுமே தடுக்கிறது, தொழிலைச் செய்வதைத் தடுக்கவில்லை என 2020 மார்ச் 17இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, பெயரைக் காக்கும் சட்டத்தால் வீட்டைக் காக்க இயலாது என்பது அங்கு வெளிப்படையாயிற்று. இலண்டனிலோ வெள்ளவத்தைக் கட்டடம் வீழ்ந்து நான்கு வாரங்கள் கழியுமுன், 2017 ஜூன் 14இல், கிரென்பெல் மாடிக் கட்டடம் எரிந்தது. 72 பேர் இறந்தனர். அங்கு வாழ்ந்தோரிற் பலர் குடியேறிய உழைப்பாளர். கட்டடத்தைப் புதுப்பித்த வேலையிற் பதிவு பெற்ற கட்டடக்கலைஞர் இருந்தனர். அதிகாரிகளின் ஒப்புதலும் இருந்தது. மலிவான, தீப்பற்றும் உறை சுவரெங்கும் போர்த்தப்பட்டது. 2024 செப்ரெம்பரில் வெளியான விசாரணை அறிக்கை உற்பத்தியாளர், ஒப்பந்தகாரர், கட்டடக்கலைஞர், உள்ளூராட்சி, அரசாங்கம் ஆகிய அனைவர் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. அதற்கு முன்னரே 2022இல் இயற்றப்பட்ட கட்டடப் பாதுகாப்புச் சட்டம், உயர்ந்த கட்டடம் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் இன்னார் எனக் காட்டப்பட வேண்டும் என்றும், வடிவமைப்பு முதற்கொண்டு தகவல்கள் யாவும் பேணப்பட வேண்டும் என்றும் விதித்தது. உரிமம் பெற்றவர், பெறாதவர் என்ற பாகுபாட்டை முதன்முதலிற் சட்டமாக்கிய நாடுகளுள் ஒன்று, அது போதாதென்பதை எழுபத்திரண்டு உயிர்களின் விலையில் அறிந்துகொண்டது.

6. நிறைவாக

உரிமமற்ற தொழிலை ஒழுங்குபடுத்துதல் தேவையானதே. பிறப்பின் ஏகபோகத்திலிருந்து பட்டயத்தின் ஏகபோகத்துக்கு வந்துள்ள நாம், அதனினும் ஒரு படி முன்னேற வேண்டும். படவரைஞர்க்கும் பாஸ்மாருக்கும் அவர்தம் அனுபவத்தைச் சோதித்துப் படிமுறைப் பதிவு வழங்கப்படல் வேண்டும். அப்போதே அவர்தம் பெயரும் பொறுப்பும் படத்தில் ஏறும். கையொப்பமிட்டவர் வேலைத்தலத்துக்கு வந்த நாட்கள் பதிவு செய்யப்பட்டு, அப்பதிவு வீடு வாங்குவோரின் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் இணக்கச் சான்றிதழும் ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு தொடர்மாடியின் வாயிலிலும் வைக்கப்பட வேண்டும். தனியாகக் கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு, பொது மருத்துவமனை போல, உள்ளூராட்சி மன்றங்களிற் பொதுக் கட்டடக்கலைஞர் இருத்தல் வேண்டும்.

இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. ஏற்கனவேயுள்ள சட்டங்களின் எல்லைக்குள்ளேயே பெரிதும் நிறைவேற்றத்தக்கவை. ஆனால் இவை தாமாக வரமாட்டா. நிலத்தின் எல்லைக்கு உரிமம் வந்ததும், தொழிற்பெயருக்கு உரிமம் வந்ததும், அவற்றை வேண்டியோர் ஒழுங்கமைந்து நின்றமையாலேயே. தொடர்மாடிகளில் ஒருவரையொருவர் அறியாது கதவடைத்து வாழ்வோர், வரைபடத்தைக் காட்டுமாறு கேட்பதற்காகவேனும் ஒன்றுகூடும்போதுதான் இச்சட்டங்கள் வாழ்வோர் பக்கம் திரும்பும்.